கட்டுக்கடங்கவில்லை என்று அழைப்பு வந்தால்: டெல்டாவில் ஆம்புலன்ஸ் பணிக்குப் புதியவர்களுக்கு

"ஆள் கட்டுக்கடங்கவில்லை, சீக்கிரம் வாருங்கள்." பணியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே இப்படி ஓர் அழைப்பு உங்களுக்கு வரும். மாரடைப்புக்கும் பிரசவத்துக்கும் பயிற்சியில் பொம்மை வைத்துப் பழகியிருப்பீர்கள். கையில் மண்வெட்டிப் பிடியோடு வாசலில் நின்று கத்தும் மனிதருக்குப் பொம்மை கிடையாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களிலும் வாய்க்கால் கரை ஓரமாக வண்டியில் அலைந்து நான் கற்றவற்றில், வேறு யாரும் உங்களுக்குச் சொல்லாமல் விடக்கூடியவற்றை இங்கே வைக்கிறேன்.

முதலில் ஒன்று. நம் தொழிலில் எல்லாமே வேகம்தான். இந்த ஓர் அழைப்பில் மட்டும், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்று தெரிந்த கணத்திலிருந்து, நாம் மெதுவாக நடக்க வேண்டும், மெதுவாகப் பேச வேண்டும். பத்து நிமிடம் பேசி ஒருவரைத் தானாக வண்டியில் ஏறவைத்தால் வழிநெடுக நிம்மதி. இரண்டு நிமிடத்தில் தூக்கிப் போட்டால் மருத்துவமனை வாசல் வரை போராட்டம்தான். அடுத்த முறை நோய் முற்றும்போது அந்தக் குடும்பம் நம்மை அழைக்கவும் அஞ்சும்.

வண்டி கிளம்பும்போதே

அழைத்தவரிடம் போனிலேயே கேளுங்கள். வயது என்ன, எப்போது தொடங்கியது, இதற்கு முன் இப்படி வந்ததுண்டா? சர்க்கரை, வலிப்பு, குடி ஏதேனும் உண்டா? என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எப்போது நிறுத்தினார்? கையில் ஏதாவது வைத்திருக்கிறாரா? வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா, பாட்டில் குறைந்திருக்கிறதா? இவற்றில் பாதிக்குப் பதில் கிடைத்தாலே போதும். அரிவாளோ கத்தியோ கையில் இருக்கிறது என்றால், கட்டுப்பாட்டு அறையிடம் சொல்லிக் காவல்துறையை வரவழைத்த பிறகுதான் அருகில் போக வேண்டும். அதுவரை தெருமுனையில் நில்லுங்கள். இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. நீங்கள் வெட்டுப்பட்டால் அந்த நோயாளிக்கு உதவ யாரும் இருக்க மாட்டார்கள்.

ஊருக்குள் நுழையும் முன்பே சைரனை நிறுத்துங்கள், சுழல்விளக்கையும் அணைத்துவிடுங்கள். பயத்தில் நடுங்குபவருக்கு அந்தச் சத்தமே எதிரி. ஓட்டுநரிடம் சொல்லி, வண்டியை வெளியேறும் திசை பார்த்துத் திருப்பி நிறுத்தச் சொல்லுங்கள். நம் பகுதியில் பாதிச் சாலைகள் ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையும்தான். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். நோயாளியை ஏற்றிய பிறகு அங்கே வண்டியைத் திருப்ப முயல்வது பெரும் அவதி. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: அவர் ஓடினால் எந்தப் பக்கம் ஓடுவார், அங்கே குளமோ கிணறோ இருக்கிறதா? உடன் ஓர் ஊர்க்காரரை அந்தப் பக்கம் அமைதியாக நிறுத்தி வையுங்கள்.

வண்டியை விட்டு இறங்கும் முன், கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்பையும் அடையாள அட்டைக் கயிற்றையும் கழற்றிவிடுங்கள். சட்டைப்பையில் கத்தரிக்கோல், பேனா இருந்தால் உள்ளே வையுங்கள். பெண் பணியாளர்கள் துப்பட்டாவை முடிந்து, பின்னலைச் சுருட்டிக் கட்டிக்கொள்ளுங்கள். பிடித்து இழுக்க வசதியானது எதுவும் நம் உடம்பில் தொங்கக் கூடாது.

வாசலில் கூட்டம்

டெல்டா கிராமத்தில் ஆம்புலன்ஸ் வந்தால் தெருவே வந்துவிடும். நோயாளி திண்ணையில், எதிரே நாற்பது பேர். அதில் பத்துப் பேர் போனைத் தூக்கிப் படம் பிடிப்பார்கள். "போங்கள், போங்கள்" என்று விரட்டினால் போக மாட்டார்கள், சண்டைதான் வரும். எனக்குப் பலித்த வழி, அவர்களுக்கு வேலை கொடுப்பது. "அண்ணே, நீங்கள் தெருமுனையில் நின்று எதிர்வண்டி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா, ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டு வாருங்கள். தம்பி, இந்தப் பிள்ளைகளையெல்லாம் கோயில் பக்கம் கூட்டிப் போ." ஐந்து பேருக்கு வேலை கொடுத்தால் பதினைந்து பேர் அவர்கள் பின்னாலேயே போய்விடுவார்கள். போனில் படம் எடுப்பவரிடம் மட்டும் நேராகச் சொல்லுங்கள்: "இவர் உங்கள் அண்ணன் என்றால் எடுப்பீர்களா?" பெரும்பாலும் கை இறங்கிவிடும்.

அடுத்து, யார் பேசுவது? நம்மில் ஒருவர்தான் பேச வேண்டும். ஓட்டுநர் ஒன்று, நீங்கள் ஒன்று, ஊர்ப் பெரியவர் ஒன்று என்று மூன்று குரல்கள் மூன்று திசையிலிருந்து வந்தால், ஏற்கெனவே காதில் குரல் கேட்டுக்கொண்டிருப்பவர் என்ன ஆவார்? வீட்டாரில் அவர் யார் பேச்சைக் கேட்பார் என்று விசாரியுங்கள். அப்பாவாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பல வீடுகளில் அப்பாவோடுதான் தகராறே. தாய்மாமன், மூத்த அக்கா, பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் என்று யாராவது ஒருவர் இருப்பார். அவரை உங்கள் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றுபவர் யாராவது இருந்தால், அவரை நயமாகச் சொல்லிப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுங்கள்.

இரண்டு கை நீளத்துக்கு அப்பால், நேருக்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். கைகள் இரண்டும் அவர் பார்வையில் இருக்கட்டும். கதவுக்கும் அவருக்கும் நடுவே நிற்காதீர்கள். அவருக்கும் வெளியே போக வழி தெரிய வேண்டும், உங்களுக்கும் தெரிய வேண்டும். நம் வீடுகளின் ரேழி ஒரு பொறி. நீளம், இருட்டு, ஒரே வழி. முடிந்தவரை திண்ணையிலோ முற்றத்திலோ பேசுங்கள். அடுக்களைப் பக்கம் வேண்டவே வேண்டாம். அரிவாள்மணை, உலக்கை, கொதிக்கும் உலை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

முதல் வார்த்தை

பெயரைச் சொல்லுங்கள், வேலையைச் சொல்லுங்கள், எதற்கு வந்தீர்கள் என்று சொல்லுங்கள். "ஐயா, நான் ஆம்புலன்ஸிலிருந்து வந்திருக்கிறேன். நீங்கள் நான்கு நாளாகத் தூங்கவில்லை என்று உங்கள் அக்கா சொன்னார். உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் வந்தேன்." இருபது வயதுப் பையனாக இருந்தாலும் முதலில் "வாங்க, போங்க" மரியாதையில் தொடங்குங்கள். நெருங்கிய பிறகு அவரே "தம்பி என்று கூப்பிடுங்கள்" என்றால் கூப்பிடலாம். "ஏய், உட்காருடா" என்று ஒரு முறை வாயிலிருந்து வந்துவிட்டால் பிறகு என்ன பேசினாலும் எடுபடாது.

சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பதில் வர நேரமாகும். அந்த மௌனத்தை நிரப்பத்தான் புதியவர்களுக்குக் கை பரபரக்கிறது. காத்திருங்கள்.

"பக்கத்து வீட்டார் சோற்றில் விஷம் வைத்துவிட்டார்கள்" என்று அவர் சொன்னால், "அப்படியெல்லாம் இல்லை" என்று வாதாடாதீர்கள். "ஆமாம், வைத்துவிட்டார்கள்" என்று தலையாட்டவும் கூடாது. "அப்படி நினைத்துக்கொண்டு நான்கு நாள் சாப்பிடாமல் இருப்பது எவ்வளவு பயமாக இருக்கும் என்று எனக்குப் புரிகிறது. என் பையில் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் இருக்கிறது, நீங்களே திறந்து குடியுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் நம்பிக்கை பொய்யாக இருக்கலாம், பயம் உண்மையானது. நீங்கள் அந்தப் பயத்தோடு பேசுகிறீர்கள். தெரிந்தெடுக்க எதையாவது கொடுங்கள்: செருப்புப் போட்டுக்கொண்டு வருகிறீர்களா, அக்கா உடன் வரட்டுமா, மாமா வரட்டுமா? எல்லாம் கைவிட்டுப்போன மனிதருக்கு இந்தச் சின்ன முடிவு பெரிய பிடிமானம்.

பொய் சொல்லி ஏற்றாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் குடும்பத்தாரே உங்களைப் பொய் சொல்லச் சொல்வார்கள். காவிரிக் கரையிலுள்ள குணசீலம் பெருமாள் கோயிலுக்கு மனநலம் குன்றியவர்களை அழைத்துப்போய் ஒரு மண்டலம், அதாவது 48 நாள் தங்கவைப்பது இந்தப் பக்கத்தில் நெடுங்கால வழக்கம். "குணசீலம் போகிறோம் என்று சொல்லி ஏற்றுங்கள் சார்" என்பார்கள். ஒருமுறை நானும் அப்படிச் சொல்லி ஏற்றினேன். மருத்துவமனைப் பலகையைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததும் அந்தப் பெண் ஒன்றும் கத்தவில்லை. என் முகத்தை மட்டும் ஒரு தடவை பார்த்தார். எட்டு மாதம் கழித்து அதே வீட்டுக்கு மறுபடி போனபோது, என் குரலைக் கேட்டதும் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டார். அன்று இரண்டு மணி நேரம் ஆனது.

கோயிலையும் தர்காவையும் இகழ்ந்து ஒரு வார்த்தை பேசாதீர்கள். திருவிடைமருதூர் போய்வந்த விபூதியோ நாகூர்க் கயிறோ தாயத்தோ உடம்பில் இருந்தால், ஊசி போட இடைஞ்சல் என்றாலும் கேட்காமல் வெட்டாதீர்கள். "இதைச் சற்று மேலே தள்ளிக்கொள்ளலாமா?" என்று கேட்டால் அவரே தள்ளிவிடுவார்.

உடம்பைப் பார்க்காமல் மனம் என்று முடிவு கட்டாதீர்கள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பெரிய ஆபத்தும் இங்கேதான்.

கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். எழுபது வயதுப் பெரியவர், வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு மகனை அடிக்கப் பாய்கிறார், வாயில் வராத வசவெல்லாம் வருகிறது. அமாவாசை, வயல் வரப்பில் எதையோ மிதித்துவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. வேப்பிலையோடு ஒருவர் தயாராக நின்றார். நெற்றி வியர்வையில் பளபளத்தது. கையைத் தொட்டேன், பனிக்கட்டி போலச் சில்லிட்டு ஈரமாக இருந்தது. மகன் பிடித்துக்கொள்ள விரலில் குத்தினோம். சர்க்கரை 38. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வயலுக்குப் போயிருக்கிறார். கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் கேட்டு நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினோம். ஊசி கையில் இருக்கும்போதே கண் தெளிந்தது. தன் வேட்டியைத் தேடிச் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "யார் தம்பி நீங்கள்? காபி சாப்பிட்டீர்களா?"

அன்றிலிருந்து, நடத்தை மாறியவர் யாராக இருந்தாலும், பழைய மனநோயாளி என்று ஊரே சொன்னாலும், தொட விடும் முதல் கணத்தில் சர்க்கரை பார்ப்பேன். 70-க்குக் கீழே இருந்தால் அதுதான் முதல் சிகிச்சை. கூடவே பல்ஸ் ஆக்சிமீட்டர், நாடி, இரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, காய்ச்சல். பிறகு தலையைத் தடவிப் பாருங்கள், எங்காவது வீங்கியிருக்கிறதா என்று. இரண்டு நாள் முன்பு தென்னை மரத்திலிருந்தோ பைக்கிலிருந்தோ விழுந்ததை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

சில அறிகுறிகள் உடல் நோயை நோக்கிக் கைகாட்டும். நாற்பது வயதுக்கு மேல் வாழ்வில் முதல்முறையாக வந்திருக்கிறது, சில மணி நேரத்தில் திடீரென்று வந்திருக்கிறது, ஒரு நேரம் தெளிவு ஒரு நேரம் குழப்பம் என்று மாறி மாறி இருக்கிறது, குரல் கேட்பதைவிட உருவங்கள் தெரிகின்றன, காய்ச்சலோ கழுத்து விறைப்போ இருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் "மனநோய்" என்று தாளில் எழுதாதீர்கள். "நடத்தையில் திடீர் மாற்றம், காரணம் தெரியவில்லை" என்று எழுதுங்கள். நீங்கள் எழுதும் அந்த ஒரு சொல் மருத்துவமனையில் அவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்பதையே மாற்றிவிடும்.

குடி. "நிறுத்தி மூன்று நாள் ஆகிறது சார், திருந்திவிட்டான் என்று நினைத்தோம்" என்று மனைவி சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நீண்ட காலம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், சுவரில் பூச்சி ஊர்வதாகத் தோன்றுவது, ஆளையே அடையாளம் தெரியாமல் போவது எல்லாம் வரும். இது உயிரைக் குடிக்கும் நிலை. மயிலாடுதுறைப் பக்கம் ஒருவர் தன் மடியிலிருந்து இல்லாத மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு கவனமாக, செவுள் குத்தாமல் எடுத்தார். மீன்பிடிப்பவராம். வீட்டாருக்கு அது வேடிக்கையாகத் தெரிந்தது. நாடி 140.

வலிப்பு வந்து முடிந்தவரும் சற்று நேரம் மூர்க்கமாக இருப்பார். அவரைப் பிடிக்காதீர்கள். விழாமல் காவல் இருந்தால் போதும், தானாகத் தெளிவார். தெளியாமலே அடுத்த வலிப்பு வந்தால் அது பெரிய அவசரம்.

இனி நம் மண்ணின் விஷயம். நெல் விளையும் ஊரில் பூச்சிமருந்து இல்லாத வீடு அபூர்வம். உளறல், பதற்றம், தள்ளாட்டம் என்று வந்தால் டார்ச்சை எடுத்துக் கண்மணியைப் பாருங்கள். ஊசிமுனை போலச் சுருங்கி, வாயில் எச்சில் ஒழுகி, உடம்பு நனைந்து, தசை துடித்தால் பூச்சிமருந்து. அகல விரிந்து, வாய் வறண்டு, தோல் சிவந்து சுட்டு, ஆகாயத்தில் எதையோ பறித்துக்கொண்டிருந்தால் ஊமத்தை போன்ற ஏதோ ஒன்று உள்ளே போயிருக்கலாம். கைவைத்தியமாக யாரோ அரைத்துக் கொடுத்தது என்று பிறகு தெரியவரும். பூச்சிமருந்து நனைந்த சட்டையைக் கையுறையோடு கழற்றுங்கள், தோலைக் கழுவுங்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உப்புக் கரைசலோ சாணிக் கரைசலோ கொடுக்கவும் விடாதீர்கள்.

இங்கே ஒரு நுட்பம். சிறிய மருத்துவமனையில் பூச்சிமருந்துக்காக அட்ரோபின் என்ற முறிமருந்தை ஏற்றி, பெரிய மருத்துவமனைக்கு மாற்றும்போது நம் வண்டியில் வருவார்கள். பாதி வழியில் நோயாளி டிரிப்பைப் பிடுங்குவார், பிதற்றுவார். "புத்தி பேதலித்துவிட்டது" என்று உறவினர் அழுவார்கள். பெரும்பாலும் அது அட்ரோபினின் அளவு மிஞ்சியதால் வரும் குழப்பம். கண்மணி, நாடி, தோலின் சூடு மூன்றையும் பார்த்துக்கொண்டே கட்டுப்பாட்டு அறை மருத்துவரை அழையுங்கள். நீங்களாக டிரிப்பின் வேகத்தைக் கூட்டவோ அதை நிறுத்தவோ வேண்டாம்.

பிள்ளை பெற்ற பெண்ணைப் பற்றி இதையும் நினைவில் வையுங்கள். பிரசவமான முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள், தூக்கமே இல்லாமல், "இது என் குழந்தை இல்லை" என்பது போன்ற பேச்சு வந்தால் அது அவசரம். தாய்வீட்டார் தீட்டு, திருஷ்டி என்று அறையிலேயே வைத்திருப்பார்கள். தாயையும் சேயையும் ஒன்றாகவே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். வண்டியில் குழந்தை பாட்டியின் மடியில் இருக்கட்டும், தாய் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும், ஒரு நொடியும் இருவரையும் தனியே விடாதீர்கள். காய்ச்சலையும் இரத்த அழுத்தத்தையும் கட்டாயம் பாருங்கள். பிரசவத்துக்குப் பின்வரும் தொற்றும் ஜன்னியும் இதே முகத்தோடு வரும்.

கேட்கத் தயங்கும் கேள்வி

"சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" இதைக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று புதியவர்கள் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. நேராகக் கேட்டால் பலருக்கு மூச்சுவிட்டது போல இருக்கும். சுற்றி வளைக்காமல், கூட்டத்தை விலக்கி, தாழ்ந்த குரலில் கேளுங்கள். "ஆம்" என்றால், எப்படி என்று யோசித்தீர்கள், ஏதாவது எடுத்து வைத்திருக்கிறீர்களா, இன்று எதையாவது சாப்பிட்டுவிட்டீர்களா என்று தொடருங்கள். மடியையும் தலையணைக்கு அடியையும் வீட்டார் முன்னிலையில் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு கழிப்பறைக்குக்கூடத் தனியே அனுப்பக் கூடாது.

சாப்பிட்டதை மறைப்பார்கள். காரணம் வழக்குப் பயம். "போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று அஞ்சி, பாட்டிலை வாய்க்காலில் எறிந்துவிட்டு "மயக்கம் போட்டுவிட்டார்" என்பார்கள். அவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இன் 115-ஆம் பிரிவுப்படி, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தரும், அது பதிவு மட்டுமே. இதைச் சொன்னதும் பாட்டில் வெளியே வந்த வீடுகள் பல. அந்தப் பாட்டிலையும் லேபிளையும் உறையில் போட்டு எடுத்துப் போங்கள்.

எலி மருந்துப் பசையைச் சாப்பிட்டவர் நன்றாகவே இருப்பார். முதல் நாள் வாந்தி, மறுநாள் நடமாட்டம், "ஒன்றும் ஆகவில்லை" என்று வீட்டார் வண்டியைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். ஓரிரு நாள் கழித்துத்தான் கல்லீரல் பழுதாகத் தொடங்கும். அவரை ஏற்றாமல் திரும்பி வராதீர்கள். அரளியும் அப்படியே. ஆள் தெளிவாகப் பேசுவார், இதயம் தடுமாறிக்கொண்டிருக்கும்.

பிடித்தே ஆக வேண்டும் என்றால்

பேச்சு தோற்று, அவருக்கோ பிறருக்கோ இப்போதே காயம் படும் என்ற நிலையில் மட்டும்தான் கை வைக்க வேண்டும். கோபத்தில் செய்வதற்கும், தண்டனையாகச் செய்வதற்கும், நேரம் போகிறது என்பதற்காகச் செய்வதற்கும் இடமில்லை.

ஐந்து பேர் வேண்டும். கை கால் நான்குக்கும் ஆளுக்கு ஒன்று, தலைப்பக்கம் நின்று பேசிக்கொண்டே இருக்க ஒருவர். ஆள் போதாவிட்டால் காத்திருங்கள். யார் எந்தக் கை என்று முன்பே பேசிவைத்து, ஒரே சைகையில் சேர்ந்து நெருங்குங்கள். பெண் நோயாளி என்றால் பெண்கள் பிடிக்கட்டும், போர்வையோ புடவையோ மேலே போர்த்தியிருக்கட்டும். மல்லாக்கப் படுக்கவைத்து, தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள். வாந்தி வரும்போல இருந்தால் ஒருக்களித்துத் திருப்புங்கள்.

குப்புறப் போடாதீர்கள். என் முதல் வருடத்தில் நாங்கள் போய்ச் சேரும் முன்பே ஊர் இளைஞர்கள் ஒருவரைக் குப்புறத் தள்ளி, முதுகில் இரண்டு பேர் உட்கார்ந்து, கைகளைப் பின்னால் கயிற்றால் கட்டியிருந்தார்கள். நான் தடுக்காமல் பையைத் திறந்துகொண்டிருந்தேன். திடீரென்று சத்தம் நின்றது. "அடங்கிவிட்டான்" என்றார் ஒருவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஓட்டுநர்தான் உரக்கக் கத்தி அவர்களைத் தள்ளிவிட்டு ஆளைப் புரட்டினார். உதடு நீலம். மூச்சுக் கொடுக்கும் பையும் முகமூடியும் வைத்து மூச்சுக் கொடுத்து மீட்டோம். போராடிக்கொண்டிருந்தவர் சட்டென அமைதியானால், முதலில் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள்.

கட்டுவதற்குக் கயிறு, சங்கிலி, புடவைக் கரை, பிளாஸ்டிக் பட்டை எதுவும் கூடாது. என் வண்டியில் அலமாரியின் மேல்தட்டில் துவைத்த பருத்தித் துண்டுகள் நான்கு எப்போதும் இருக்கும். அகலமாக மடித்து மணிக்கட்டைச் சுற்றி, உங்கள் இரண்டு விரல் உள்ளே நுழையும்படி முடிச்சுப் போடுங்கள். மறுமுனையை ஸ்ட்ரெச்சரின் அசையாத சட்டத்தில் கட்டுங்கள், பக்கவாட்டுக் கம்பியில் வேண்டாம். ஒரு கை தலைப்பக்கம், ஒரு கை இடுப்புப் பக்கம். மார்பிலும் கழுத்திலும் எதுவும் அழுத்தக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விரல்நுனியை அழுத்தி விட்டு நிறம் திரும்புகிறதா, சூடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் நேரத்தோடு எழுதுங்கள். துப்பினால் நீங்கள் முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அவர் வாயில் துண்டைத் திணிக்க யாரையும் விடாதீர்கள். காவலர் விலங்கு மாட்டியிருந்தால் சாவியோடு அவரும் வண்டியில் ஏற வேண்டும்.

மருத்துவர் சொல்லி மயக்க ஊசி போட்டிருந்தால், உங்கள் வேலை பாதியாகக் குறைந்ததாக நினைக்காதீர்கள், இரண்டு மடங்காகியிருக்கிறது. ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தோடு தூக்கம் தரும் புரோமெத்தசினையும் சேர்த்துப் போடுவதை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களே ஆய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். ஆள் விரைவில் உறங்கிவிடுவார். உறங்குபவரின் மூச்சை எண்ணிக்கொண்டே வர வேண்டியவர் நீங்கள்தான்.

சட்டத்தைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2018 மே 29 முதல் நடைமுறையிலிருக்கும் அதே மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு, உயிருக்கோ உடலுக்கோ கடும் தீங்கு நேராமல் தடுக்க, பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம் என்கிறது. நோயாளியின் நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை முடிவுகளில் அவருக்குத் துணை நிற்க நியமிக்கப்பட்டவர், உடன் இருந்தால் அவருடைய ஒப்புதல் வேண்டும். மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும் அந்த அவசர சிகிச்சையில் அடங்கும். தெருவில் தன்னிலை மறந்து திரிபவரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது என்கிறது 100-ஆம் பிரிவு. சங்கிலியால் பிணைப்பதை 95-ஆம் பிரிவு எந்த வடிவிலும் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டுண்டு தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். வீட்டுக் கொல்லையில் காலில் சங்கிலியோடு யாரையாவது பார்த்தால், வீட்டாரைத் திட்டாதீர்கள். அவர்கள் ஆதரவின்றித் தவித்தவர்கள். சங்கிலியை அவர்கள் கையாலேயே அவிழ்க்கச் சொல்லி, கணுக்காலில் புண் இருந்தால் கழுவிக் கட்டுங்கள்.

வண்டிக்குள்ளும் வாசலிலும்

நீங்கள் கதவுப் பக்கம் உட்காருங்கள். ஆக்சிஜன் சாவி, கத்தரிக்கோல், ஊசிப்பெட்டி எல்லாம் கைக்கு எட்டாத அலமாரியில் பூட்டியிருக்கட்டும். அவருக்கு நம்பிக்கையான ஒருவர் மட்டும் உடன் வரட்டும். கோடியக்கரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. வழியில் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வாருங்கள். "வேதாரண்யம் தாண்டிவிட்டோம், திருத்துறைப்பூண்டி வருகிறது." கடற்கரை ஊர்க்காரர்களிடம் பேச்சு 2004 சுனாமிக்கோ 2018 கஜா புயலுக்கோ போய்விடலாம். கிளறாதீர்கள், தடுக்கவும் வேண்டாம், கேட்டுக்கொண்டு வாருங்கள்.

ஒப்படைக்கும்போது "மென்டல் கேஸ்" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. எப்போது தொடங்கியது, சர்க்கரை எவ்வளவு, கண்மணி எப்படி, என்ன மாத்திரை எப்போது நிறுத்தினார், எத்தனை மணிக்குக் கட்டினோம், எதற்காகக் கட்டினோம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் சொன்னாரா. இவ்வளவும் சொல்லுங்கள், மாத்திரைப் பட்டையையும் கொடுங்கள். அவர் காதில் விழும் தூரத்தில் நின்று அவரைப் பற்றி மூன்றாம் மனிதர் போலப் பேசாதீர்கள். அவரிடமும் விடைபெற்றுக்கொள்ளுங்கள்.

வராந்தாவில் அழுதுகொண்டிருக்கும் வீட்டாரிடம் இரண்டு நிமிடம் நில்லுங்கள். 14416 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல ஆலோசனை எண் அது, கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். 104 என்ற அரசு மருத்துவ ஆலோசனை எண்ணும் இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பியதும் பூச்சிமருந்தை வயல் கொட்டகைப் பெட்டியில் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

பிறகு வண்டிக்கு வந்து ஓட்டுநரோடு ஒரு டீ குடியுங்கள். எந்த இடத்தில் அவர் குரல் தணிந்தது, எந்த இடத்தில் நம் குரல் உயர்ந்தது என்று இருவரும் பேசிக்கொள்ளுங்கள். கை நடுங்கினால் அதையும் சொல்லுங்கள். அடுத்த அழைப்புக்கு முன் துண்டுகள் நான்கும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். மருத்துவமனையில் விட்டுவந்திருந்தால் போய்க் கேட்டு வாங்கி, துவைத்துக் காயவைத்து, அதே மேல்தட்டில் மடித்து வையுங்கள்.